ஒருத்தன் ஸ்கிரீன்ல மட்டும் பேய் பயம்: ரிமோட் ஈவென்ட்டா, ஆட்ரிபியூட்டா?

நானும் எங்க அத்தை பையனும் சேந்து ராப்லாக்ஸ்ல (நாமளே கேம் பண்ணி மத்தவங்களோட ஆடுற தளம்) ஒரு கேம் பண்றோம். சேலம் அடிவாரத்துல இருந்து ஏற்காடு வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு, ராத்திரி நேரம், காப்பித் தோட்டத்துக்குள்ள பேயா நம்மள்ல ஒருத்தன், எல்லார் கையிலயும் அரிக்கேன் விளக்கு, அவ்ளோதான் கதை. பேய் கிட்ட வந்தா அந்த ஆளோட ஸ்கிரீன் மட்டும் வெளுத்து மங்கணும், பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியக்கூடாது. ஆனா விளக்கோட திரி நடுங்குறது மட்டும் எல்லாருக்கும் தெரியணும்.

சர்வர் ஸ்கிரிப்ட்லயே (எல்லாரையும் இணைக்கிற மெயின் கம்ப்யூட்டர்ல ஓடுற கோடு) எல்லாத்தையும் பண்ணிடலாமேன்னு கேக்குறவங்களுக்கு: லைட்டிங்ல சர்வர் கை வெச்சா எல்லாருக்கும்தான் மாறும், ட்வீனும் (ஒரு மதிப்ப கொஞ்சங் கொஞ்சமா மாத்துற அசைவு) அங்க இருந்து ஓட்டுனா வெட்டி வெட்டி வரும். விளக்கை ஆன் ஆஃப் பண்றதோட வேலை முடியும்னா சர்வரே போதும், எங்களுக்கு திரி ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நடுங்கணும். அதனால எஃபெக்ட் ஓட வேண்டிய இடம் லோக்கல் ஸ்கிரிப்ட், அதாவது கிளையன்ட்ல, ஆடுறவனோட மெஷின்லயே ஓடுற கோடு. ப்ளர், கலர் கரெக்‌ஷன் ரெண்டையும் அந்த கிளையன்ட்லயே கேமராவுக்குள்ள போட்டா அவன் ஸ்கிரீனோட நின்னுக்கும், 2018-க்கு அப்புறம் கிளையன்ட்ல பண்ற இந்த மாதிரி மாத்தம் மத்தவங்களுக்குப் போறதும் இல்ல. இதுல யாருக்கும் சண்டை இல்ல. சர்வர் அந்த கிளையன்ட்கிட்ட விஷயத்த எப்படி சொல்லுதுங்கறதுலதான் சண்டையே.

மொதல்ல ரிமோட் ஈவென்ட்லதான் பண்ணோம், அதாவது சர்வர் கிளையன்ட்டுக்கு அனுப்புற சேதி. ஒருத்தருக்குன்னா ஃபயர்கிளையன்ட், எல்லாருக்கும்னா ஃபயர்ஆல்கிளையன்ட்ஸ், பத்து நிமிஷ வேலை, ராப்லாக்ஸ் கேம் பண்ற ஸ்டுடியோவுல ரெண்டு ஆள் டெஸ்ட் போட்டுப் பாத்தா சூப்பரா ஓடுச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் அம்மாபேட்டையில பக்கத்து வீட்டு தறி சத்தத்துக்கு நடுவுல, அவன் அஸ்தம்பட்டியில, இன்னும் நாலு பசங்கன்னு வெளையாடிட்டு இருக்கோம், நடுவுல அவன் தங்கச்சி உள்ள வந்துட்டு, "மாமா, யார் கையிலயும் வெளக்கே எரியலயே, இருட்டுல எதப் பாத்து ஓடுறீங்க?"ங்கறா. எங்க ஆறு பேர் ஸ்கிரீன்லயும் விளக்கு ஜெகஜோதியா எரியுது, அவளுக்கு மட்டும் கும்மிருட்டு.

காரணம் சின்னதுதான். ரிமோட் ஈவென்ட் ஒரு தடவ கூப்புட்ட குரல், அப்ப கேம்ல இல்லாதவனுக்கு அது கேக்காது. சரின்னு சர்வர்ல ஒரு டேபிள் வெச்சு யார் யார் விளக்கு எரியுதுன்னு குறிச்சு, புதுசா ஆள் வந்தா அத்தனையும் திருப்பி அனுப்பி, ஆள் கெளம்புனா டேபிள்ல இருந்து தூக்கி, இப்படி ஒட்டுப் போட்டோம். அடுத்து ஸ்ட்ரீமிங் (கிட்ட இருக்கற எடத்த மட்டும் லோடு பண்றது) கடிச்சுது, அஞ்சாவது வளைவுல நிக்கிறவனுக்கு பதினெட்டாவது வளைவுல இருக்கறவனோட கேரக்டரே லோடு ஆகியிருக்காது, அந்த நேரத்துல வந்த ஈவென்ட் மாட்ட எடமில்லாம வீணாப் போச்சு. நாலாவது எஃபெக்ட் சேக்குறப்ப பாத்தா, எஃபெக்ட் முப்பது வரி, இந்த ஒட்டுப்போட்ட கணக்கு எண்பது வரி. மச்சான் கையெடுத்துக் கும்புட்டுட்டான்.

அப்புறம்தான் ஆட்ரிபியூட்டுக்கு மாறுனோம், அதாவது கேம்ல இருக்கற ஒண்ணு மேல பேரு போட்டு ஒட்டி வெக்கிற மதிப்பு. சர்வர் பிளேயர் மேல "விளக்கு"ன்னு ஒண்ண உண்மைன்னு வெச்சுட்டு போய்டும், அது தானா எல்லா கிளையன்ட்டுக்கும் போகும், எவ்ளோ லேட்டா வந்தாலும் வந்தவனுக்கு அப்போதைய நெலம என்னவோ அது கெடைக்கும். பிளேயர் ஆப்ஜெக்ட் ஸ்ட்ரீமிங்ல மறையறதும் இல்ல, அதனால கேரக்டர் கண்ணுக்கு வர்றப்ப லோக்கல் ஸ்கிரிப்ட் ஒரு தடவ படிச்சுட்டு மாட்டிக்குது. செத்துப் பொறந்தாலும் அதே கதைதான். அந்த எண்பது வரியையும் ஒரே மூச்சுல அழிச்சேன், என்னா சுகம். ஒண்ணு மட்டும், மாத்தத்துக்கு காது குடுத்தா மட்டும் பத்தாது, மொதல்ல இப்ப என்ன மதிப்புன்னு ஒருக்கா படிச்சுட்டு அப்புறம் காது குடுங்க, நான் படிக்க மறந்து தங்கச்சிகிட்ட அதே திட்ட ரெண்டாந்தடவ வாங்குனேன்.

அதுக்காக ரிமோட் ஈவென்ட்ட தூக்கி எறிஞ்சுடல. மின்னல் மாதிரி வந்துட்டு போற சமாச்சாரத்துக்கு அதுதான் சரி, ஆட்ரிபியூட்ல அதே மதிப்ப ரெண்டாவது தடவ வெச்சா சிக்னலே வராது. டேபிளையும் ஆட்ரிபியூட்ல வெக்க முடியாது. முக்கியமா ரகசியம், யாரு பேய்ங்கறத ஆட்ரிபியூட்ல எழுதுனா ஏமாத்துறவன் எவனா இருந்தாலும் தன் மெஷின்லயே படிச்சுடுவான், அத ஃபயர்கிளையன்ட்ல அந்த ஒருத்தனுக்கு மட்டும் சொல்லுங்க. இப்ப எங்க கேம்ல ரிமோட் ரெண்டே ரெண்டுதான் மிச்சம், மின்னலுக்கு ஒண்ணு, பேய்க்கு ஒண்ணு. நாங்க அதிகபட்சம் எட்டு பேரோடதான் ஓட்டியிருக்கோம், அம்பது பேர் சர்வர்ல செகண்டுக்கு பத்து தடவ ஆட்ரிபியூட் மாத்துறவங்க என் பேச்ச நம்பி எறங்காதீங்க, டெஸ்ட் பண்ணிட்டு பண்ணுங்க.

மேல போகப் போக பனிமூட்டம் ஏறுறதுக்கு இந்த ரெண்டுமே வேணாம். நம்ம கேரக்டர் எவ்ளோ ஒசரத்துல நிக்குதுன்னு நம்ம கிளையன்ட்டுக்கே தெரியுமே, அத வெச்சு லைட்டிங்ல இருக்கற அட்மாஸ்ஃபியரோட டென்சிட்டிய லோக்கல் ஸ்கிரிப்ட்லயே ஏத்தி எறக்கிக்கலாம். நாங்க ஒம்பதாவது வளைவுல ஆரம்பிச்சோம், இருபதுல முன்னாடி போற பைக்கோட பின்னாடி லைட் மட்டும் செவப்பா ஒரு புள்ளி தெரியும், நெசமாவே ஏற்காடு ரோட்ல மழக்காலத்துல போற மாதிரி.