பெரிய பிரேக் கிட் போட்ட பிறகு பெடல் தரைக்குப் போனது: மலையக கார்க்காரர்கள் கவனத்துக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் மலையக நண்பர்கள் யாராவது ‘பிக் பிரேக் கிட்’ (சக்கரத்தோடு சுழலும் பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கும் பெரிய காலிப்பரும்) போடும் யோசனையில் இருந்தால், காசு கொடுக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள். கண்டிப் பக்கம் ஒரு கராஜில் 380,000 ரூபா வாங்கிக்கொண்டு என் காருக்கு முன் பிரேக்கை மாற்றினார்கள். அடுத்த வாரம் நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது, லபுக்கலை தாண்டி, பிரேக் பெடல் தரை வரைக்கும் போனது. பக்கத்தில் என் தங்கை இருந்தாள். இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, தேயிலை மலை ஓரத்து மண் கரையில் உரசவிட்டு நிறுத்தினேன். எதிரே பஸ் வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

கார் 1991 மாஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 இன்ஜின். வெளிநாடுகளில் எம்.எக்ஸ்-5 என்று ஓடுவது இதுதான். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. கம்பனி கொடுத்த முன் டிஸ்க் 235 மில்லிமீற்றர். வாகன இறக்குமதியை 2020இல் நிறுத்திவிட்டு 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் கையில் இருந்த பழைய காரைத்தான் எல்லோரும் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டோம். நானும் அப்படித்தான்.

இறக்கத்தில் பிரேக் சூடாகி வாடை வருகிறது, பெடல் கொஞ்சம் மெதுவாகிறது என்றுதான் அந்த கராஜுக்குப் போனேன். உரிமையாளர் சக்கரத்தைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, இந்த டிஸ்க் சின்னது. நம்ம மலைக்குப் பத்தாது. நாலு பிஸ்டன் பிரெம்போ போட்டா பாதித் தூரத்துல நிக்கும்” என்றார். பிரெம்போ என்பது பேர்போன பிரேக் கம்பனி. அவர் சொன்னதில் ஒன்றுகூட உண்மையில்லை என்று பிறகு தெரிந்தது.

முதலில் அந்தப் ‘பாதித் தூரம்’ கதை. காரைக் கடைசியில் நிறுத்துவது டயர்தான். உங்கள் பழைய பிரேக்கே சக்கரத்தை லொக் பண்ணும் அளவுக்குப் பிடிக்கிறது என்றால், அதைவிடப் பெரிய காலிப்பர் போட்டு ஒரே மிதியில் நிற்கும் தூரத்தைக் குறைக்க முடியாது. பெரிய டிஸ்க் தருவது வேறு நன்மை: அதிக சூட்டைத் தாங்கும், சீக்கிரம் ஆறும். மலைக்கு அது பெரிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு ஏறத்தாழ 800, 900 மீற்றர் உயரம் இறங்குகிறோம். அந்த இறக்கத்தின் சக்தி முழுவதையும் பிரேக்கிலேயே கொட்டினால், 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரை இருபது தடவைக்குக் குறையாமல் முழுதாக நிறுத்துவதற்குச் சமமான சூடு அது. அதில் பெரும்பங்கைச் சின்ன கியரில் இன்ஜின் எடுத்துக்கொள்ளும். மிச்சம்தான் பிரேக்குக்கு.

அந்த மிச்சத்தைத் தாங்க எனக்கு வேண்டியிருந்தது புது பிரேக் ஒயிலும், டிஸ்க்கில் உரசும் நல்ல பேட்டும் மட்டும்தான். பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஒயில், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாமான். நம் ஊர்ப் பனிமூட்டத்திலும் மழையிலும் அதைக் கேட்கவே வேண்டாம். டொட் 3 (டொட் என்பது ஒயிலின் தர வகை) ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அதன் தர அளவு 140 பாகைதான். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. டொட் 5.1 என்றால் 260, ஈரம் ஏறினால் 180. கொதித்த ஒயில் ஆவியாகிவிடும். ஆவியை நசுக்கலாம், அதனால் பெடல் உள்ளே போகும். என் காரில் கிடந்தது தேநீர் நிறத்தில் பழைய ஒயில். கிட் போட்டவர்கள் அதையே விட்டுவைத்து, குறைந்ததற்கு மட்டும் மேலே ஊற்றியிருக்கிறார்கள். புது ஒயிலுக்கு என்று தனியாகக் காசும் வாங்கினார்கள்.

இதையெல்லாம் கண்டுபிடித்தது ஹட்டனில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ். லொறியில் ஏற்றித்தான் காரை அவரிடம் கொண்டுபோனேன். சக்கரத்தைக் கழற்றினார், காலிப்பரை ஒரு நிமிடம் பார்த்தார், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒயிலில் சேர்ந்த காற்றை வெளியே எடுக்கிற நிப்பிள் காலிப்பரின் அடிப்பக்கம் இருந்தது. “காத்து எப்பவும் மேலதானே நிக்கும் தம்பி? வாய் கீழ இருந்தா அது எப்படி வெளிய வரும்?” என்றார். வலது பக்கக் காலிப்பரை இடது பக்கமும், இடதை வலதிலும் பூட்டியிருந்தார்கள். எத்தனை தடவை பெடலை மிதித்துக் காற்று எடுத்தாலும் மேல்பகுதியில் ஒரு குமிழி நின்றுகொண்டே இருந்திருக்கும். கராஜில் காரை ஒப்படைக்கும்போது நாலு தடவை பம்ப் பண்ணிக் காட்டினார்கள். பெடல் கெட்டியாக இருந்தது. கண்டி டவுனுக்குள் மெதுவாக ஓடும்போதும் வித்தியாசம் தெரியவில்லை. இறக்கத்தில் சூடு ஏறியதும் அந்தக் குமிழியும் பழைய ஒயிலின் ஆவியும் சேர்ந்துவிட்டன.

இந்தக் காலிப்பரில் பேட்டைத் தள்ளும் நாலு பிஸ்டனும் ஒரே அளவு இல்லை. டிஸ்க் முதலில் நுழையும் பக்கம் சின்னதும், வெளியேறும் பக்கம் பெரியதும் வர வேண்டும். அப்போதுதான் பேட் சமமாகத் தேயும். பக்கம் மாறியதால் அதுவும் தலைகீழ். சில காலிப்பரில் மேலும் கீழும் இரண்டு பக்கமும் நிப்பிள் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு முனையில் மட்டும் நிப்பிள் இருந்தால், அது மேலேதான் இருக்க வேண்டும்.

அப்புறம் பிரக்கட். காலிப்பரைக் காரோடு பிடிக்கும் அந்தத் தகட்டைச் சாதாரண வெல்டிங் கடையில் வெட்டியிருந்தார்கள். அளவு சரிவராததால் ஒரு பக்கம் இரண்டு வொஷர், மறுபக்கம் ஒன்று. டிஸ்க் காலிப்பரின் நடுவில் ஓடவே இல்லை. போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று தர எண் இருக்க வேண்டும். இதில் ஒன்றுமே இல்லை. அந்தச் சக்கரத்தை நிறுத்தும் முழு விசையும் அந்த இரண்டு போல்ட்டின் வழியாகத்தான் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

ரிம்மில் செய்தது அதைவிட மோசம். காலிப்பர் ரிம்மின் கம்பியில் தட்டியது என்று இடையில் ஸ்பேசர் (ரிம்மை வெளியே தள்ளும் தகடு) வைத்துவிட்டு, வீல் போல்ட்டைப் பழைய நீளத்திலேயே விட்டிருந்தார்கள். இந்தக் காரின் வீல் போல்ட் 12 மில்லிமீற்றர், பிட்ச் (புரிகளுக்கு இடையிலான தூரம்) 1.5. நட் குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். என்னுடையது ஐந்தாம் சுற்றிலேயே இறுகியது.

பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. புதுக் காலிப்பரின் பிஸ்டன் பரப்பு கூடினால் அதே சிலிண்டர் அதிக ஒயிலைத் தள்ள வேண்டும். பெடல் நீளமாகப் போகும். முன்னால் மட்டும் பிடி கூடினால் முன் சக்கரம் முதலில் லொக் ஆகும், பின் பிரேக்கில் இருக்கும் பிடி பயன்படாமல் போகும். நனைந்த வளைவில் முன் சக்கரம் லொக் ஆனால் ஸ்டியரிங் திருப்பியும் கார் நேரேதான் போகும்.

சரி, பிரெம்போவாவது உண்மையா? சிவப்பு பெயின்ட், அதன் மேல் ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் எழுத்து உரிகிறது. பிரெம்போ விற்கும் பெர்ஃபோமன்ஸ் கிட்டோடு சுரண்டிப் பார்க்கும் கோட் உள்ள ஒரு அட்டை வரும். அந்த எண்ணை அவர்களின் இணையதளத்தில் போட்டு அசல்தானா என்று பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தந்த பெட்டியில் எந்த அட்டையும் இல்லை. கொழும்பில் பழைய கார்ப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பாவித்த லான்சர் எவோ, இம்பிரெசா எஸ்.டி.ஐ காலிப்பர்களுக்கும் அட்டை வராது, ஏனென்றால் அவை கம்பனிக் காரிலிருந்தே கழற்றியவை. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். சீல் மாற்றிப் போட்டால் நல்ல சாமான். புது கிட் என்று சொல்லி அட்டை இல்லாமல் விற்றால்தான் சந்தேகப்படுங்கள்.

பெரிய டிஸ்க்தான் வேண்டுமென்றாலும், இதே காருக்குச் சரியான வழி கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. 1.8 இன்ஜினோடு வந்த அதே மொடலுக்கு மாஸ்டாவே முன்னால் 254, பின்னால் 251 மில்லிமீற்றர் டிஸ்க் கொடுத்தது. அந்த பிரக்கட்டும் டிஸ்க்கும் பேட்டும் 1.6 காரில் அப்படியே ஏறும், 14 அங்குல ரிம்முக்குள்ளேயே நிற்கும், முன் பின் இரண்டும் சேர்ந்து பெரிதாவதால் சமநிலையும் கெடாது. அந்த கராஜ்காரருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. அதில் லாபம் குறைவு, அவ்வளவுதான்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, “உங்களுக்கு மலையில ஓட்டத் தெரியல” என்றார். தலவாக்கலையில் பிறந்து வளர்ந்தவனிடம் சொன்ன வார்த்தை இது. பில் கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தந்தார். நீங்கள் வேலை கொடுக்கும் முன்பே காலிப்பரின் பெயர், டிஸ்க் அளவு, ஒயில் வகை, வேலைக்கூலி எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முறைப்பாடு செய்வதென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி அல்லது வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். நான் படங்களோடு கொடுத்திருக்கிறேன்.

நம் சொந்தக் கார்களுக்கு வருடாந்தம் புகைப் பரிசோதனை மட்டும்தான். பிரேக்கை யாரும் சோதிப்பதில்லை. ஆகவே இப்படிப் பூட்டிய கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதே கராஜில் வேலை செய்வித்த இன்னொரு தம்பியின் நிசான் சில்வியா காரையும் பார்த்தோம், அதிலும் நிப்பிள் கீழேதான். எங்கே கிட் போட்டிருந்தாலும், இன்றைக்கே ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றக்கூடத் தேவையில்லை. நிப்பிள் அடியில் மட்டும் இருந்தால் காரை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஒரு நல்ல பாஸை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.