சான்யாவில் எந்தக் குடாவில் தங்குவது? நான்கு கடற்கரைகள், ஓர் ஒப்பீடு

சீனாவின் ஹைனான் தீவின் தென்முனையில் உள்ள சான்யாவுக்குச் செல்லத் திட்டமிடுவோர் பலர் விமானக் கட்டணத்தையும் விடுதியின் நட்சத்திரங்களையும் ஒப்பிட்டு முடித்துவிட்டு, அந்த விடுதி எந்தக் குடாவில் இருக்கிறது என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதுதான். மேற்கே சான்யா குடா, நகரை ஒட்டித் தாதோங்ஹாய், கிழக்கே யாலோங் குடா, அதற்கும் வடகிழக்கே ஹாய்தாங் குடா என நான்கு கடற்கரைகளைக் குன்றுகளும் முனைகளும் பிரிக்கின்றன. இரு கோடிகளுக்கும் இடையே காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். இந்த அலசலில் கடலில் இறங்கிக் குளிக்க முடியுமா என்பதே முதல் அளவுகோல். விலையும் வசதியும் அதற்குப் பிறகுதான்.

அந்த அளவுகோலின்படி யாலோங் குடாவுக்கே முதலிடம். பிறை வடிவில் ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் நீளும் இக்கரையை இருபுறமும் நிலமுனைகள் அணைத்திருக்க, குடாவின் வாயிலில் சிறு தீவுகளும் இருப்பதால் திறந்த கடலின் அலைவேகம் உள்ளே வருவதற்குள் தணிந்துவிடுகிறது. மணல் வெண்மையாகவும் நீர் தெளிவாகவும் இருக்கின்றன. 1992இல் தேசிய சுற்றுலா மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடம் என்பதால் கரையோரம் முழுவதும் பன்னாட்டு விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. குறை என்னவென்றால், விடுதியை விட்டு வெளியே வந்தால் குறைந்த செலவில் சாப்பிட இடம் கிடைப்பது அரிது. நகரம் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விடுதி வாழ்க்கையில் சலிப்பு அடைபவர்கள் மூன்றாம் நாளே நகரத்துக்குப் போகும் வழியைக் கேட்கத் தொடங்குவார்கள்.

விளம்பரங்களில் இன்று முன்னிற்பது ஹாய்தாங் குடா. 2014இல் திறக்கப்பட்ட மாபெரும் தீர்வையில்லாக் கடைத்தொகுதியும், 2018இல் திறக்கப்பட்ட அட்லாண்டிஸ் விடுதியும் இங்குதான் உள்ளன. பிந்தையதில் மீன் காட்சியகம், நீர் விளையாட்டுப் பூங்கா, ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் அடங்கியிருப்பதால், குழந்தைகளோடு வருபவர்கள் வெளியே போகாமலே விடுமுறையைக் கழித்துவிடலாம். ஆனால் கடல்? இக்குடா கிழக்கு நோக்கித் திறந்து கிடக்கிறது. சுற்றுலாப் பருவமான குளிர்காலத்தில்தான் வாடைக்காற்றும் பலமாக வீசுகிறது. அலைகள் உயர்ந்து, நீரோட்டம் உள்ளிழுக்க, விடுதிகள் சிவப்புக் கொடி ஏற்றி நீச்சலைத் தடுத்துவிடுகின்றன. கடல் பார்க்கும் அறைக்குப் பெருந்தொகை கொடுத்துவிட்டு விடுதியின் நீச்சல் குளத்தில் குளிப்பதற்கு ஹைனான் வரை ஏன் போக வேண்டும் என்பதே என் கேள்வி. ஒரு விலக்கு உண்டு: குடாவின் தென்கோடியில் உள்ள ஹோஹாய் என்னும் மீனவச் சிற்றூர். ஹாய்தாங்கின் நீண்ட கரையைப் போலன்றி ஒதுக்கமாக அமைந்த இங்கு அலைச்சறுக்குப் பயில வரும் இளைஞர்களும் சிறு தங்குமனைகளும் நிறைந்திருக்கின்றனர். பவளப்பாறைகளுக்கும் முக்குளிப்புக்கும் பெயர்பெற்ற வூச்சிச்சோ தீவுக்குப் படகு புறப்படுவதும் இதனருகில்தான்.

தாதோங்ஹாய் அழகில் யாலோங்குக்கு ஈடாகாது. கரை சிறியது, கூட்டம் மிகுதி. ஆனாலும் நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருப்பதால் விடுதியிலிருந்து நடந்தே கடலுக்கும் கடைக்கும் போகலாம் என்பது மற்ற எந்தக் குடாவும் தராத வசதி. குளிருக்குத் தப்பி வரும் ரஷ்யர்கள் நெடுங்காலமாகக் கூடும் இடம் என்பதால், உணவகப் பட்டியலும் மருந்துக்கடைப் பலகையும் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டிருக்கும். நகரத்தின் ‘முதலாம் சந்தை’ என்னும் சந்தையில் மீன், இறால், நண்டு வாங்கி, அருகிலுள்ள உணவகத்தில் சமையல் கூலி கொடுத்துச் சமைக்கச் சொல்வது இங்குள்ள வழக்கம். விலை கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்கள் சொல்வது ஒரு ஜின்னுக்கு, அதாவது 500 கிராமுக்கு, கிலோ என்று எண்ணிக்கொண்டால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். 2012 சீனப் புத்தாண்டின்போது கடலுணவு உணவகங்கள் பயணிகளிடம் அடித்த கொள்ளை நாடு முழுவதும் பேசப்பட்டு, அதன் பிறகு விலைக் கண்காணிப்பு இறுகியது. இருந்தாலும் எடை போடும்போது தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பதே நல்லது.

சான்யா குடாவுக்கு வருபவர்கள் வேறு வகை. விமான நிலையத்துக்கு அருகே, தென்னை மரங்கள் அணிவகுக்கும் சாலையோரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளும் இக்கரையில் அறை வாடகை குறைவு; ஆறு கலக்கும் பகுதி என்பதால் நீரின் தெளிவும் குறைவு. வடகிழக்குச் சீனாவின் உறைபனியை விட்டுக் குளிர்காலம் முழுவதும் இங்கே வந்து தங்கும் முதியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மாலையில் ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்து வரிசைகட்டி ஆடுபவர்களில் பெரும்பாலோர் அவர்களே. அந்தி சாயும் அழகைப் பொறுத்தவரை இக்கரைக்குப் போட்டியில்லை. பௌத்தக் கருணைத் தெய்வமான குவான்யினின் 108 மீட்டர் உயரச் சிலை நிற்கும் நான்ஷான் பௌத்த வளாகத்துக்குப் போவதற்கும் இதுவே அண்மையானது. அங்குள்ள பௌத்த மரபு மரக்கறி விருந்து, சீன உணவில் எதைத் தொடுவது என்று தயங்கும் சைவ உணவினருக்குப் பேருதவி.

எனவே நீந்த விரும்பும் குடும்பத்துக்கு யாலோங்கும், முதன்முறையாகச் சுயமாகச் சுற்ற வருபவர்களுக்குத் தாதோங்ஹாயும் என் தேர்வு; ஹாய்தாங்குக்கு வூச்சிச்சோவைச் சேர்த்து ஒரு பகல் போதும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்கள் விசா இன்றி இறங்கலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே விசா எடுத்தாக வேண்டும். சீனப் புத்தாண்டு வாரத்தில் நான்கு குடாக்களிலும் வாடகை தாறுமாறாக ஏறும் என்பதால் அதைத் தவிர்த்து, நவம்பர் இறுதியையோ மார்ச் மாதத்தையோ தேர்ந்தெடுக்கலாம். ஜூலை முதல் அக்டோபர் வரை விலை இறங்கினாலும் அது புயல் பருவம். அப்போது செல்வோர் வூச்சிச்சோ படகுச் சீட்டை வாங்குமுன், பயணம் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.