பட்டறையா, ஐடிஐயா, கம்பெனி சர்வீஸ் சென்டரா: லாரி மெக்கானிக் ஆகணும்னா எங்கிட்டு சேர்றது?

எங்க அக்கா மகன் பத்தாவது முடிச்சுட்டு லாரி மெக்கானிக்தான் ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அக்கா என்னையப் பாத்து, "ஏண்டா தம்பி, ஒன்னய மாதிரி இவனும் வண்டிக்கு அடியிலயே கெடக்கணுமா"ன்னு கேக்குது. நான் 16 வயசுல மதுரை ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில சேந்தவன், அதனால நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லிரலாம்னு உக்காந்தேன்.

பட்டறைய எடுத்துக்குங்க. மொத ஆறு மாசம் டீ வாங்குறது, டீசல்ல பார்ட்ஸ் கழுவுறது, வீல கழட்டி ஹப்புக்கு கிரீஸ் வைக்கிறது, அம்புட்டுதான். அப்பறம் பிரேக் லைனிங், கிளச் பிளேட்டு, ரெண்டு மூணு வருசம் கழிச்சுதான் மொதலாளி கியர் பாக்ஸ எறக்க விடுவாரு. ஆனா அதுக்குள்ள காது பழகிரும். வண்டி உள்ள நொழையும்போதே இது ஷாஃப்ட்டுல இருக்க ஜாயிண்ட் கிராஸ் சத்தமா, பின் அச்சுப் பல்சக்கரம் கிரவுன் பினியன் ஊளையிடுதான்னு தெரிஞ்சிரும், இத எந்த புக்குலயும் படிக்க முடியாது. கொறைன்னா பேப்பர் ஒண்ணும் கெடையாது. எனக்கு ஜாக்கி நழுவி வெரல் நசுங்குனப்ப மொதலாளி 500 ரூபாயக் குடுத்து ஒரு வாரம் வராதன்னாரு, கதை அதோட முடிஞ்சது. 1961 அப்ரண்டிஸ் சட்டத்துல, அதாவது தொழில் பழகுறவங்களுக்கான சட்டத்துல, ஒப்பந்தம் போட்டு சேந்திருந்தா வேலையில காயம்பட்டதுக்கு நஷ்டஈடு கேக்க வழி இருந்திருக்கும், அன்னைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்.

அடுத்து ஐடிஐ. நம்ம ஊருல கவர்மெண்ட் ஐடிஐ கே.புதூர்ல இருக்கு. பத்தாவது முடிச்சவனுக்கு இதுக்குன்னு ரெண்டு டிரேடு, மெக்கானிக் டீசல் 1 வருசம், மெக்கானிக் மோட்டார் வெகிகிள் 2 வருசம். சீக்கிரம் முடியுதேன்னு எல்லாரும் டீசலுக்கு ஓடுறாங்க, ஆனா அதுல பாடம் பெரும்பாலும் இஞ்சினச் சுத்தித்தான், லாரிக்காரன் நம்மகிட்ட கொண்டாறது பாதிக்கு மேல பிரேக்கு, கியர் பாக்ஸு, ஸ்டீரிங் வேலை, அதுக்கு ரெண்டு வருச டிரேடுதான் சரி. மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆனா ஐடிஐ மட்டும் முடிச்சுட்டு வர்ற பயலுக்கு ஓடாத இஞ்சினத்தான் கழட்டி மாட்டத் தெரியும், ரோட்டுல நிக்கிற வண்டியக் கண்டா முழிப்பான், நானே நெறைய பேரப் பாத்துருக்கேன்.

அதனால ஐடிஐக்கு அப்பறம் ஒரு வருசம் அப்ரண்டிஸ். இங்கதான் பஸ் டிப்போவா கம்பெனி சர்வீஸ் சென்டரான்னு கேள்வி வருது. உதவித்தொகை எங்க சேந்தாலும் ஐடிஐ முடிச்சவனுக்கு மாசம் கொறைஞ்சது 7000னு 2019 விதியில வச்சாங்க. டிப்போல பழைய வண்டி நெறைய, லைனிங், ஸ்பிரிங் கட்டு, வண்டி ஓடத் தகுதின்னு வாங்குற எஃப்சிக்கான வேலைன்னு கைக்கு ஓய்வே இருக்காது. "டிப்போல சேந்தா கவர்மெண்ட் வேலை நிச்சயம்"னு ஊருல பேசுறத மட்டும் நம்பாதீங்க, அப்ரண்டிஸ் முடிச்சவனுக்கு வேலை குடுத்தே ஆகணும்னு சட்டம் சொல்லல.

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சுத்தமா இருக்கும், யூனிஃபார்ம் இருக்கும், ஆனா வண்டியில மாட்டுற ஸ்கேனர் லேப்டாப்பு என்ன கோளாறு நம்பர் காட்டுதோ அந்த பார்ட்ட மாத்து, அவ்வளவுதான். ரிப்பேர் பண்றது கம்மி, மாத்துறதுதான் ஜாஸ்தி. இத நான் ரெம்ப நாளு கேலி பண்ணிட்டுத் திரிஞ்சேன். 2020 ஏப்ரலுக்கு அப்பறம் புகைக் கட்டுப்பாட்டுக்கான பிஎஸ்6 விதிப்படி வண்டிக வர ஆரம்பிச்சதும் வாய மூடிட்டேன். பழைய பம்பு இஞ்சின்ல எந்த சிலிண்டர் அடிக்கலன்னு பாக்க ஓடும்போதே சிலிண்டருக்கு டீசல் போற பைப்போட நட்ட, அதான் நிப்பிள், ஒவ்வொண்ணா லூஸ் பண்ணுவோம், நிப்பிள் தெறந்தும் சத்தம் மாறலன்னா அந்த சிலிண்டர்தான் கோளாறு. எல்லா சிலிண்டருக்கும் ஒரே குழாயில இருந்து டீசல் போற இந்தக் காமன் ரெயில் வண்டியில அந்த வேலையப் பாத்தீங்கன்னா 1000 பாருக்கு மேல பிரஷர்ல வர்ற டீசல் தோலப் பொத்துக்கிட்டு உள்ள போயிரும், கையவே எடுக்க வேண்டி வந்தாலும் வரும். அதுவும் போக புகையச் சுத்தம் பண்ண வச்சிருக்க யூரியா டேங்க்குல தரமில்லாத சரக்க ஊத்துனா வண்டி இழுக்காது. நான் ஒரு தடவ ரெண்டு நாளா டீசல் ஃபில்டரயும் லைனயும் நோண்டிட்டுக் கெடந்தேன், ஸ்கேனர் வச்சிருந்த பொடிப்பய அஞ்சு நிமிசத்துல யூரியான்னு சொல்லிட்டுப் போனான்.

அக்காகிட்ட நான் சொன்னது: ரெண்டு வருசம் ஐடிஐ, ஞாயித்துக்கெழம மட்டும் என்கூட பட்டறைக்கு வரட்டும், அப்ரண்டிஸ் டிப்போல. ஸ்கேனர் வேலைய அதுக்குப் பெறகு சர்வீஸ் சென்டர்ல சம்பளத்துக்கே சேந்து கத்துக்கலாம், சத்தத்த வச்சு கோளாறு கண்டுபிடிக்கிறதத்தான் அப்பறமா கத்துக்க முடியாது. நடுவுல 18 ஆனதும் கார் லைசென்ஸ் எடுத்துரணும், 20 ஆனா ஹெவி எடுக்கலாம், டிரையல் பாக்க வண்டி ஓட்டத் தெரியாத மெக்கானிக்க எவனும் மதிக்க மாட்டான்.

பய எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி மாமா, ஞாயித்துக்கெழமைக்கு எவ்வளவு தருவீங்க"ங்கிறான்.