போலிக் கையெழுத்தும் ஒரு நகைக்கடை லென்ஸும்: எட்டு வருஷ அனுபவம்

ஞாயிறு காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி, புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய இசைத்தட்டு துழாவுவது என் நெடுநாள் பழக்கம். வெறும் தட்டு வாங்கிய வரைக்கும் வீட்டில் சண்டை இல்லை. கையெழுத்துப் போட்ட உறைமேல் ஆசை வந்த பிறகுதான் காசு கரைந்தது.

முதல் அடி 2016-இல். 7 அங்குல ஈ.பி. (சின்ன இசைத்தட்டு) உறை, ஓரத்தில் ஓர் இசையமைப்பாளரின் கையெழுத்து, கீழே 1972 என்று தேதி. 2,800 ரூபாய். பெருமையாகக் கொண்டுபோய் நகைப்பட்டறை நண்பரிடம் காட்டினேன். கல் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் வைத்தார். "இது ஜெல் பேனா மை மாதிரில்ல இருக்கு?" என்றார். ஜெல் பேனா ஜப்பானில் வந்ததே 1984-இல்தான். அன்று மாலையே 350 ரூபாய்க்கு அதேபோல் ஒரு லென்ஸ் வாங்கினேன். இந்தப் பதிவு அந்த லென்ஸைப் பற்றித்தான்.

அதைப் பிடிக்கவே ஒரு மாதம் பழக வேண்டியிருந்தது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, உறையைத்தான் அருகே கொண்டுவர வேண்டும். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். பழகிவிட்டால் மை பேச ஆரம்பிக்கும். பால்பாயின்ட் கோட்டின் நடுவே மெல்லிய வெள்ளைக் கீறல் ஓடும், வளைவு தாண்டியதும் மை சின்னக் கட்டியாகத் தேங்கும். இங்க் பேனா மை காகித நாரோடு லேசாகப் பரவும். அச்சடித்த கையெழுத்தாக இருந்தால் கோடே இருக்காது, வண்ணப் புள்ளிக் கூட்டம்தான். 'ஒரிஜினல் சைன்' என்று எனக்குக் காட்டப்பட்ட புகைப்படங்களில் பாதிக்கு மேல் இந்தப் புள்ளி ரகம்.

எல்.பி. (பெரிய இசைத்தட்டு) உறைக்கு இன்னொரு சோதனை உண்டு. உள்ளே இருக்கும் தட்டு வருஷக்கணக்கில் உரசி, உறைமேல் வட்டமாக ஒரு தேய்மானம் விழும். கையெழுத்து பழையது என்றால் அந்த வட்டம் மையையும் சேர்த்துத் தேய்த்திருக்க வேண்டும். தேய்ந்த இடத்தில் மை முழுசாக உட்கார்ந்திருந்தால், தேய்ந்த பிறகு போட்ட கையெழுத்து அது. மடிப்புக்கும் இதே கணக்கு: வெடிப்புக்குள் மை இறங்கியிருந்தால் மடிப்பு முந்தியது.

புற ஊதா டார்ச்சும் வாங்கிப் பார்த்தேன். மலிவான 395 நானோமீட்டர் டார்ச் எல்லாவற்றையும் ஊதாவாக அடித்துவிடுகிறது, 365 வேண்டும். அதுவும் 1950-களுக்கு முந்தையது என்று சொல்லி விற்கும் காகிதத்துக்குத்தான் உபயோகம். துணிக்கு நீலம் போட்ட மாதிரி பளீரென்று ஒளிர்ந்தால் அது பிந்தைய காகிதம், நடையைக் கட்டலாம்.

சில சமயம் கருவியே தேவைப்படாது. ஒருமுறை ஒருவர் கண்ணதாசன் கையெழுத்திட்ட சிடி அட்டையை நீட்டினார். கவிஞர் மறைந்தது 1981 அக்டோபர் 17. சிடி கடைக்கு வந்தது 1982 அக்டோபரில், அதுவும் ஜப்பானில். சொன்னேன். "எங்க தாத்தா கண்ணு முன்னாடி போட்டது சார்" என்றார். தாத்தா மேல் சத்தியம் பண்ணுகிறவரிடம் என்ன வாதாடுவது? டீ குடித்துவிட்டு வந்தேன்.

சான்றிதழ், ஹாலோகிராம் ஸ்டிக்கர் இதற்கெல்லாம் நான் மயங்குவதில்லை. ஸ்டிக்கரும் அச்சகத்தில் கிடைக்கிற சரக்குதான். 2022-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கையால் கையெழுத்திட்டது என்று அவர் புத்தகத்தின் 900 பிரதிகளை, ஒன்று 599 டாலருக்கு விற்றார்கள், பதிப்பகத் தலைவரின் உறுதிக் கடிதத்தோடு. வாங்கியவர்கள் படங்களை ஒப்பிட்டபோது கையெழுத்துகள் அச்சு அசலாக ஒத்துப்போயின. இயந்திரப் பேனா! பணத்தைத் திருப்பித் தந்தார்கள், டிலனும் மன்னிப்புக் கேட்டார். மனுஷக் கை ஒரே கையெழுத்தை இரண்டு தடவை அப்படியே போடாது. அதனால் வாங்குமுன் அதே ஆளின் நாலைந்து கையெழுத்தையாவது பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ரொம்ப ஒத்துப்போனாலும் பயம்தான்.

லென்ஸில் ஒரே குறை நம் ஊர்க் கடல்காற்று. மூன்றாம் வருஷமே கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் ஓடிவிட்டது. இப்போது இரண்டாவது லென்ஸ். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு கிடக்கிறது. ஐந்து வருஷமாகத் தெளிவாக இருக்கிறது.

கடைசியாக நான் வாங்கியது உறையே அல்ல, ஓர் ஆட்டோகிராப் நோட்டு. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரியவர் பள்ளிக்கூட நாளில் கச்சேரி கச்சேரியாக அலைந்து சேர்த்தது. பக்கத்துக்கு ஒரு பேனா. பெரிய பாடகருக்கு முன்னும் பின்னும் தவில்காரர், கடம்காரர், யாருக்கும் பேர் தெரியாத நாடக நடிகர். போலி போடுகிறவன் அவர்களுக்காக மையை வீணாக்க மாட்டான். "அந்த ஒரு பக்கத்த மட்டும் கிழிச்சுக் குடுக்கலாமே"ன்னு வியாபாரிகள் கேட்டார்களாம். "முழுசா எடுத்துக்கிறதா இருந்தா எடுத்துக்கங்க தம்பி" என்றார். 6,500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டேன்.

பெரிய பாடகரின் பக்கத்தில் லென்ஸை வைத்தேன். பாதிப் பெயரில் நீல மை வெளிறி, வெறும் நிப்புக் கீறலாகிறது. மிச்சப் பெயர் பச்சை மையில். "என் பேனா அங்கதான் தீந்துபோச்சு, பக்கவாத்தியக்காரர்தான் அவரோடத எடுத்துக் குடுத்தாரு" என்றார் பெரியவர். நோட்டைப் புரட்டினேன். அடுத்த பக்கத்து மிருதங்கக்காரர் கையெழுத்து அதே பச்சை.