மாதாமாதம் மாத்திரை வேண்டியவருக்கு ஈஎஸ்ஐயா, ஐந்து லட்ச கார்டா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டெய்லர்களுக்கு இரண்டு வழி உண்டு. கம்பெனி ரோலில் சேர்ந்து ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பிஎஃப் பிடித்தம் போகச் சம்பளம் வாங்கலாம். இல்லையென்றால் கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் சேர்ந்து, முழுப் பணத்தையும் சனிக்கிழமை கையில் வாங்கலாம். சட்டப்படி கான்ட்ராக்ட் ஆளுக்கும் ஈஎஸ்ஐ கட்ட வேண்டும். பல இடங்களில் கட்டுவதில்லை. கேட்டால், "அதான் அஞ்சு லட்சம் கார்டு இருக்குல்ல?" என்பார்கள்.

நான் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவன். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறேன். ரோலில்தான் சேர்ந்தேன். பீகார், ஒடிசா தம்பிகள் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அந்தக் கார்டைக் குறைத்துப் பேசவில்லை. 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. பீகாரில் எடுத்த கார்டை இங்கே திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியிலும் காட்டலாம். ஆபரேஷன் என்றால் அதுதான் கை கொடுக்கும். ஆனால் அது படுக்கையில் சேர்ந்தவருக்கான கார்டு. மருந்துச் செலவு சேர்வதற்கு முன் 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள், அவ்வளவுதான். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் பிரஷருக்கான அம்லோடிபினும் ஆயுசு முழுக்கப் போட வேண்டியவை. காசில்லாமல் மாத்திரையை நிறுத்தி, கிட்னி கெட்டுப் படுத்த பிறகுதான் அந்தக் கார்டுக்கு வேலை வரும்.

ஈஎஸ்ஐயில் படுக்க வேண்டியதில்லை. டிஸ்பென்சரிக்குப் போய் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கி வரலாம். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். பிடித்தம் 0.75 சதவீதம், 15,000 சம்பளத்துக்கு 113 ரூபாய். முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். ஊரில் இருக்கும் குடும்பத்தை அங்கேயே பக்கத்து டிஸ்பென்சரியில் பதியலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்குள் 78 நாளுக்குச் சந்தா சேர்ந்திருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் முடியும் வரை மருத்துவ உரிமை உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. நடுவில் ஆர்டர் இல்லாமல் கம்பெனி நின்றாலும், வேலையை விட்டாலும் இந்த உரிமை போகாது. நம் வேலை சீசனை நம்பியது. வருமானம் நிற்கிற மாதத்தில்தான் முதலில் மாத்திரைச் செலவைக் குறைப்போம். அந்த மாதத்தையும் இது தாங்கும்.

குறை இல்லாமல் இல்லை. டிஸ்பென்சரி நேரமும் ஷிப்ட் நேரமும் ஒன்றாகவே வரும். வரிசையில் நின்றால் அரைநாள் கூலி போகும். சில மாதம் ஒரு மாத்திரை இருக்காது, வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். அந்தப் பில்லை வைத்துப் பணம் திரும்பக் கேட்கலாம். இந்தி மட்டுமே தெரிந்த ஒரு பையன் தனியாக அதற்கு அலைந்து வாங்குவது கஷ்டம். சூப்பர்வைசரோ கூட வேலை செய்கிறவரோ துணைக்குப் போக வேண்டும்.

பத்துப் பேருக்குக் குறைவான சின்ன யூனிட்டில் இருப்பவர்களுக்கு ஈஎஸ்ஐ பெரும்பாலும் கிடைக்காது. அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, மாத்திரை இலவசம், எந்தக் கார்டும் வேண்டாம். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். அடிக்கடி ரூம் மாறுகிறவர்கள் புது விலாசத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ரோலில் சேருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புதுக் கம்பெனியில் பழைய ஈஎஸ்ஐ எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். அவசரத்தில் புது எண் போட்டுவிட்டால், அந்த 78 நாள் கணக்கு இரண்டாக உடைந்து நிற்கும்.