பிஸ்டலில் மாட்டிய லைட்: மூன்று வருஷம் கழித்து

போன வாரம் சித்தப்பா மகன் போன் பண்ணினான். லைசென்ஸ் கைக்கு வந்து, துப்பாக்கியும் வாங்கியாகிவிட்டதாம். ".32 தான் அண்ணா, கீழே ரெயில் இருக்கு. உங்களது மாதிரி லைட் மாட்டணும், எது நல்லது?" என்றான். (.32 என்பது தோட்டாவின் அளவு, ரெயில் என்பது குழலுக்கு அடியில் லைட் மாட்டுகிற பட்டை.) மாட்டலாமா வேண்டாமா என்று அவன் கேட்கவே இல்லை. அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அது போனில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை.

எனக்கு பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் அடகுக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, மாடியில் வாடகைக்கு ஆட்கள். அப்பா காலத்து ரிவால்வரில் லைட் மாட்ட இடமே கிடையாது. 2022இல் அதைக் கொடுத்துவிட்டு ரெயில் உள்ள பிஸ்டல் வாங்கினேன். அதே வருஷம் லைட்டும் வந்து சேர்ந்தது. 500 லூமன் வெளிச்சம், எழுபது கிராம் சொச்சம், ஒரே ஒரு சிஆர்123ஏ பேட்டரி. வேறு விவரங்கள் எல்லா இடத்திலும் கிடைக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம். லைட் பிரமாதம். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட எரியாமல் இருந்ததில்லை. .32இன் உதைப்புக்கு அது அசைந்து கொடுப்பதும் இல்லை. நான் எதிர்பார்க்காத சுகம் ஒன்று உண்டு. இருட்டில் எதையும் குறிவைக்க வேண்டாம், துப்பாக்கியைத் தரையைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்தாலே போதும், எங்கள் வீட்டு மொசைக் தரையில் பட்டுத் தெறித்து ஹால் முழுக்க வெளிச்சமாகிவிடும். சோபாவுக்கு அடியில் கிடக்கும் பேத்தியின் செருப்பு வரை தெரியும். சிலர் கூரையில் அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். எங்கள் கூரைக்கு மேலே ஒரு குடும்பம் தூங்குகிறது, அதனால் எனக்குத் தரைதான்.

பேட்டரிதான் ஒரு தொல்லை. சிஆர்123ஏ கேட்டால் பாதிக் கடையில் அதே அளவில் இருக்கும் ரீசார்ஜ் பேட்டரியை நீட்டி, "இதுவும் அதுதான் சார்" என்பார்கள். அது இது இல்லை. இது 3 வோல்ட், அது முழுசாக ஏறினால் 4.2. என் லைட்டின் கையேட்டில் அதைப் போடாதே என்று அச்சடித்தே இருக்கிறது. பிறகு ஹோல்ஸ்டர். லைட் மாட்டியதும் பழைய தோல் உறை எதிலும் துப்பாக்கி நுழையவில்லை. சிவாஜிநகரில் ஒருவரிடம் புதிதாகத் தைக்கக் கொடுத்து, இரண்டாம் முறைதான் சரியாக வந்தது. போகட்டும், இதெல்லாம் சில்லறை விஷயம்.

என் கோபம் ஒரு விரல் மேல்.

துப்பாக்கியில் லைட் மாட்டுவதற்கு எல்லோரும் சொல்கிற முதல் காரணம், இடது கை சும்மா இருக்கும் என்பது. கதவு திறக்கலாம், 112க்குப் போன் போடலாம், குழந்தையைத் தூக்கலாம். உண்மைதான். இரண்டு கையாலும் பிடித்திருக்கும்போது இடது கட்டைவிரல் லைட்டைப் போட்டுவிடும், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இடது கையை எடுத்துவிட்டால் ஸ்விட்சை எட்டுகிற விரல் எது? விசையை இழுக்கிற அதே ஆள்காட்டி விரல். லைட்டை விற்கிறவர்கள் எதைச் சொல்லி விற்கிறார்களோ, சரியாக அந்த நேரத்தில்தான் இரண்டு வேலையும் ஒரே விரல் தலையில் விழுகிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பிளேனோ நகரில் 2010இல் ஒரு போலீஸ்காரர் லைட்டைப் போடுவதாக நினைத்து விசையை அழுத்தி, எதிரே இருந்த ஆள் இறந்துபோனார். அவருடைய ஸ்விட்ச் பிடியின் முன்பக்கம், நடுவிரலுக்குக் கீழே இருந்தது. என்னுடையது போல விசைக்கு முன்னால், லைட்டிலேயே இல்லை. ஆனால் பதற்றத்தில் இருக்கிற கைக்கு ஒரு விரலை மட்டும் தனியாக அழுத்தத் தெரிவதில்லை.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னால் பொய். 2024 மார்ச் முதல் வாரம், ஊரில் போர்வெல் எல்லாம் வறண்டு, டேங்கர் தண்ணீருக்குத் தவம் கிடந்த நாட்கள். இரவு இரண்டரை மணி இருக்கும், கரன்டும் இல்லை. கொல்லைப் பக்கம் இரும்பு மூடி நகர்கிற சத்தம் கேட்டது. லாக்கரைத் திறந்து எடுத்தேன், மொசைக் வெளிச்சத்தில் ஹாலைக் கடந்தேன், பின்கதவுக்கு வந்ததும் அணைத்தேன். இதுவரை பாடப்புத்தகம். இடது கையால் தாழ்ப்பாளை விலக்கினேன். கதவு திறந்ததும் ஆள்காட்டி விரல் தானாக முன்னால் போய் ஸ்விட்சைத் தட்டியது.

மாடி வீட்டுப் பையன். பெர்முடாஸ், தோளில் சுருட்டிய நீலக் குழாய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) பக்கத்தில் குந்தியிருந்தான். "அங்கிள், பத்து நிமிஷத்துல டேங்கர் வருதாம். அதான் மூடியைத் திறந்து வச்சேன்" என்றான். வெளிச்ச வட்டத்தின் நடு அவன் பனியனில் இருந்தது. அந்த நடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் குழலும் பார்க்கும், அப்படித்தான் மாட்டியிருக்கிறது. அவன் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது, அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. "சரிப்பா" என்று அணைத்துவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்விட்சைத் தட்டிய பிறகு என் விரல் எங்கே திரும்பி வந்தது? விசையை விட்டு விலகி ஃபிரேம் மேலே இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நினைவில் இல்லை.

கையில் வெறும் டார்ச் இருந்திருந்தால் முதலில் "யாருப்பா அது?" என்று குரல் கொடுத்திருப்பேன். டார்ச்சைப் பிடித்தவன் கேட்பான். துப்பாக்கியைப் பிடித்தவன் கேட்பதில்லை, குழலைத் திருப்பிப் பார்க்கிறான். சுட நினைக்காத எதன் மேலும் குழலைத் திருப்பாதே என்பதுதான் சுடும் பயிற்சி ரேஞ்சில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். எதைப் பார்ப்பதற்கும் குழலைத் திருப்ப வேண்டிய சாதனத்தை மூன்றாவது வருஷம் வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.

அடுத்த பத்து நாளில், மார்ச் 16 அன்று, தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். தேர்தல் முடியும்வரை வைத்திருக்க, வழக்கம்போல துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். ரைட்டர் லைட்டைத் தட்டிப் பார்த்து "இதேனு சார்?" (இது என்ன சார்?) என்றார். லைசென்ஸில் எழுதாத சாமானுக்கு ரசீது தர முடியாது, கழற்றிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். துப்பாக்கி அங்கே, லைட் என் சட்டைப் பையில். ஜூனில் ரிசல்ட் வந்து முடியும்வரை அதை வைத்துத்தான் சம்ப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தேன். தீப்பெட்டி மாதிரி இருக்கிறது, பிடிக்க உடம்பே இல்லை. ஈரக் கையோடு பிடித்து ஒருதரம் சம்ப்பிலேயே விழுந்து, தண்ணீருக்குள் கிடந்து எரிந்தது. வெளியே எடுத்த பிறகும் எரிந்தது. சொன்னேனே, லைட் பிரமாதம்.

அந்த மூன்று மாதத்தில்தான் நல்ல கைடார்ச் ஒன்று வாங்கினேன். அதிலும் நியாயமாகச் சொல்லவேண்டியது உண்டு. துப்பாக்கி திரும்பி வந்த பிறகு ரேஞ்சில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழகிப் பார்த்தேன். மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்து, புறங்கையோடு புறங்கை ஒட்டிப் பிடிக்கிற ஹாரிஸ் முறையில் ஐந்து நிமிஷத்தில் தோள் கழன்றுவிட்டது. ஒரு கையால் சுட்டால் என் வயசுக்குக் குறி எங்கோ போகிறது. கதவைத் திறக்க மூன்றாவது கை வேண்டும். கைடார்ச்தான் உத்தமம் என்கிறவர்கள் யாரும் இரவில் தாழ்ப்பாள் விலக்கிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஆனாலும் மூன்று வருஷத்தில் நான் சத்தம் கேட்டு எழுந்த ராத்திரிகளில் வந்தவர்கள் பூனை, மாடிப் பையன், ஒருதரம் பால்காரர். யார் என்று தெரிந்துகொள்ளத்தான் வெளிச்சம் வேண்டியிருந்தது, ஒருதரம்கூட சுடுவதற்கு இல்லை. இப்போது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் 34 முதல் 44 வரை தற்காப்புப் பிரிவுகள் இருக்கின்றன. வக்கீல் அதை வைத்து எவ்வளவு வாதாடினாலும், பனியன் போட்ட பையனை அந்தப் பிரிவுகள் எழுப்பித் தராது.

ஆகவே தம்பிக்கு என் பதில், மாட்டாதே. நல்ல கைடார்ச் ஒன்று வாங்கி லாக்கருக்கு வெளியே ஆணியில் தொங்கவிடு, அதைத்தான் முதலில் எடுக்கணும்.

"அப்ப உங்களதை எனக்குக் குடுத்துடுங்க" என்பான், எனக்குத் தெரியும். கொடுப்பதாக இல்லை. ஜூனிலேயே திரும்ப மாட்டிவிட்டேன். இடது கட்டைவிரல் மட்டும்தான் ஸ்விட்சைத் தொடணும், இடது கைக்கு வேறு வேலை வந்தால் லைட் கிடையாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். மாதம் ஒருதரம் தோட்டா இல்லாமல் ஹாலில் நடந்து பழகுகிறேன். வீட்டுக்காரி சீரியல் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் பேட்டரி மாற்றினேன்.