ஏற்காடு எஸ்டேட் ரோட்ல ரெண்டு நாள் கிராவல் ரைடு: ரூட் அருமை, வாடகை சைக்கிள் சரியில்ல

நவம்பர் கடைசில ஏற்காட்டுல ரெண்டு நாள் கைடோட கிராவல் ரைடு போயிட்டு வந்தோம், நாங்க நாலு பேரு. வாடகை சைக்கிள், ஒரு நைட் தங்குறது, சாப்பாடு, பின்னாடியே பை தூக்கிட்டு வர்ற ஜீப்பு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 6,500 ரூபா. நடத்துறவங்க பேரை இங்க போடல, குறையை அவங்ககிட்டயே நேர்ல சொல்லிட்டேன். ஆனா இந்த மாதிரி மலை ரைடு போகணும்னு நினைக்கிறவங்க பணம் கட்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கு, அதனால எழுதுறேன்.

கிராவல்னா நமக்கு வீட்டு மனையில லாரி கொண்டுவந்து கொட்டுற செம்மண் தான் ஞாபகம் வரும். கிராவல் பைக்கும் அந்த மாதிரி தரையில ஓட்டத்தான். ரோடு சைக்கிள் மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா டயர் 40 மில்லிமீட்டர் அகலம், டிஸ்க் பிரேக், தார் ரோட்லயும் போகும் ஜல்லி கிடக்குற மண் பாதையிலயும் போகும். ஏற்காடு இருக்குற சேர்வராயன் மலைக்கு இதை விட பொருத்தமான சைக்கிள் கிடையாதுன்னு இப்ப நம்புறேன். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காப்பியை அங்க கொண்டுவந்தார், இன்னைக்கும் மெயின் ரோட்ட விட்டு கொஞ்சம் உள்ள போனா காப்பி எஸ்டேட் தான், அதுக்குள்ள மண் பாதை, அதுல இருந்து இன்னொரு மண் பாதை, அப்படியே போயிட்டே இருக்கும்.

முதல்ல ரூட்டை பத்தி சொல்லிடுறேன், ஏன்னா இவங்களோட பலமே அதான். எல்லாரும் அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு வழியா ஏறுவாங்க, லீவு நாள்னா அதுல கார் வரிசை. இவங்க எங்களை குப்பனூர் பக்கமா கொட்டச்சேடு வழியா ஏத்துனாங்க. எந்தப் பக்கம் ஏறுனாலும் சேலத்துல இருந்து 1,200 மீட்டர் உயரம் ஏறித்தான் ஆகணும், ஆனா இந்தப் பக்கம் வண்டி கம்மி, நம்ம மூச்சு சத்தம் நமக்கே கேக்கும். காலையில 6 மணிக்கு கிளம்பி வெயில் ஏறுறதுக்குள்ள பாதி மலை ஏறியாச்சு.

மேல போனதும் தார் ரோட்ட விட்டு எஸ்டேட்டுக்குள்ள திரும்புனோம். கேட்ல கைடு அண்ணன் இறங்கி வாட்ச்மேன்கிட்ட பேசி நோட்டுல எங்க பேரெல்லாம் எழுதிட்டு தான் உள்ள விட்டார், ரெண்டு நாள்ல மூணு எஸ்டேட், மூணுலயும் இதே முறை. எந்த எஸ்டேட்டுன்னு நானும் சொல்லல, அவங்க தெரிஞ்ச ஆளுக்காக வழி விடுறாங்க, அது கெட்டுப்போகக் கூடாது.

உள்ள போனா சில்வர் ஓக் மரம் நெடுநெடுன்னு நிக்குது, ஒவ்வொரு மரத்துலயும் மிளகுக் கொடி, அடியில காப்பிச் செடி, பழம் பாதி செவப்பு பாதி பச்சை. இடுப்புல சாக்கு கட்டிட்டு அக்காங்க பழம் பறிச்சிட்டு இருந்தாங்க, ஒருத்தங்க "மெதுவா போங்க கண்ணு, வளைவுல ஜீப்பு வரும்"னாங்க, சொன்ன மாதிரியே அடுத்த வளைவுலயே ஜீப்பு வந்துச்சு. பாதை பூரா சில்வர் ஓக் இலை, அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மினுக்கும், பார்க்க அழகு, ஆனா ஓட்டும்போது அது தான் ஆபத்து. "தம்பி, இலை மேல பிரேக் புடிக்காதீங்க, முன்னாடியே புடிச்சு வேகத்தை கொறைச்சிடுங்க, அடியில கல்லு இருக்கா பள்ளம் இருக்கான்னு எனக்கே தெரியாது"ன்னு அண்ணன் முதல் இறக்கத்துக்கு முன்னாடியே நிறுத்தி வச்சு சொன்னார். இது ஒன்னு தான் ரெண்டு நாளும் எங்களை விழாம காப்பாத்துச்சு.

இன்னொரு இடத்துல அவர் சட்டுன்னு கையை தூக்கி நிறுத்துனார். பாதை நடுவுல சாணி, இன்னும் ஆவி அடங்கல. காட்டுமாடு பக்கத்துல இருக்குன்னார். இருபது நிமிஷம் சைக்கிளை புடிச்சுக்கிட்டு சத்தமில்லாம நின்னோம், செடிக்குள்ள கருப்பா ஒரு முதுகு நகர்ந்து கீழ இறங்குறது மட்டும் தெரிஞ்சுது. அது போன அப்புறமும் அஞ்சு நிமிஷம் நிக்க வச்சு தான் விட்டார், கூட்டமா வரும்னு.

ரெண்டாவது நாள் லூப் ரோடு பக்கம். 32 கிலோமீட்டர் வட்டம், தார் ரோடு தான், அதுல இருந்து பிரியுற மண் பாதைகளை கோர்த்து ஒரு ரூட் போட்டிருந்தாங்க. நடுவுல ஒரு பாதையில போயிருந்தா 4 கிலோமீட்டர் மிச்சம், மேப்ல தெளிவா தெரியுது, நான் கேட்டேன். அது காப்புக்காடு, போக மாட்டேன்னுட்டார். சரியான முடிவு. தமிழ்நாடு வனச்சட்டம் 1882ல இருந்து இருக்கு, அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள போறது குற்றம். 2018 மார்ச்ல குரங்கணில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கி செத்தது எல்லாருக்கும் தெரியும். மேப்ல கோடு இருக்குங்கிறதுக்காக போகலாம்னு அர்த்தம் இல்ல, இதை காசு வாங்குற ஆளே உறுதியா சொல்றது எனக்கு பெரிய விஷயமா பட்டுச்சு.

இப்ப சைக்கிள். இங்க தான் வருத்தம்.

பேர் பெத்த கம்பெனி சைக்கிள் தான், செயின் சுத்தமா இருந்துச்சு, பிரேக் நல்லா புடிச்சுது. ஆனா முன்னாடி செயின்வீல்ல 40 பல்லு, பின்னாடி இருக்குறதுலயே பெரிய பல்சக்கரத்துல 34 பல்லு தான். இதுக்கு என்ன அர்த்தம்னா, இருக்குறதுலயே லேசான கியர்ல பெடல் ஒரு சுத்து சுத்துனா சைக்கிள் 2.6 மீட்டர் போகும். எஸ்டேட் ஏத்தத்துல, கல்லும் இலையுமா இருக்குற இடத்துல, மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல போக முடியாது, அப்ப நிமிஷத்துக்கு 32 சுத்து தான் வருது. ஒவ்வொரு சுத்தும் ஆளை தூக்குற மாதிரி மிதிக்கணும், எந்திரிச்சு நின்னு மிதிச்சா பின் சக்கரம் மண்ணுல வழுக்குது, உக்காந்து மிதிச்சா முட்டி போகுது. நாலு பேருமே பல இடத்துல இறங்கி தள்ளுனோம். அமெரிக்காவுல கான்சாஸ் பக்கம் லேசா ஏறி இறங்குற தரையில கிராவல் ரேஸ் ஓட்டுறவங்களுக்கு இந்த கியர் போதும், சேர்வராயனுக்கு போதாது. முன்னாடி 30, பின்னாடி 34 இருந்திருந்தா அதே வேகத்துல 43 சுத்து வந்திருக்கும், முக்கால்வாசி ஏத்தத்தை ஓட்டியே ஏறியிருப்போம். ரூட்டை இவ்ளோ யோசிச்சு போட்டவங்க இதை எப்படி விட்டாங்கன்னு தெரியல.

அடுத்தது காத்து. டயர்ல 65 பிஎஸ்ஐ அடிச்சு குடுத்துட்டாங்க. மண் பாதையில இறங்குனதும் முன் சக்கரம் கல்லுக்கு கல்லு தாவுது, கை மரத்துப்போச்சு. நிறுத்தி வால்வை அமுக்கி காத்தை விட்டேன், கட்டை விரல்ல டயரை அமுக்குனா கொஞ்சம் உள்ள போற அளவுக்கு, 42 வாக்குல. அதுக்கப்புறம் டயர் கல்லு மேல தாவாம கல்லை முழுங்கிட்டு போச்சு, அதே பாதை, வேற சைக்கிள் ஓட்டுற மாதிரி இருந்துச்சு. கூட வந்த நண்பன் இன்னும் இறக்கி 30க்கு வச்சான், உள்ள டியூப் இருக்குறதால அடுத்த பள்ளத்துலயே பஞ்சர், டியூப்ல பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓட்டை, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்குனா இப்படித்தான் ஆகும். டியூப்லெஸ் போட்டிருந்தா 30, 32ல தைரியமா ஓட்டலாம். அண்ணன் பத்து நிமிஷத்துல டியூப் மாத்தி குடுத்துட்டார்.

முதல் நாள் சாயங்காலம் மழை வேற. ஈர செம்மண் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல அடைச்சுக்குது, குச்சி வச்சு நோண்டி எடுத்துட்டு தான் சக்கரமே சுத்துச்சு. அக்டோபர், நவம்பர்ல போறவங்க இதுக்கு தயாரா போங்க, ஜனவரிக்கு மேல தரை காய்ஞ்சிருக்கும்.

தங்குன வீடு சுத்தம். நைட்டு ராகி களியும் கோழிக் குழம்பும், மழையில நனைஞ்சு போய் உக்காந்ததுக்கு அதை விட வேற என்ன வேணும். காலையில அவங்க தோட்டத்துக் காப்பி, வீட்லயே வறுத்து அரைச்சது. திரும்பி இறங்குனதும் குப்பனூர் வழியா தான், ஞாயித்துக்கிழமை மத்தியானம் மெயின் ரோட்ல இறங்குறது வேண்டாம்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க.

ரைடுக்கும் கைடுக்கும் அஞ்சுக்கு அஞ்சு, யோசிக்காம குடுப்பேன். சைக்கிளுக்கு ரெண்டு. சொந்த சைக்கிள் கொண்டுவந்தா 1,500 கம்மி பண்ணிக்கிறாங்க, முடிஞ்சவங்க அதையே பண்ணுங்க. வாடகைக்கு தான் எடுக்கணும்னா, இவங்களோ வேற யாரோ, மலையில எங்க போறதா இருந்தாலும் போன்லயே கேளுங்க: முன்னாடி சின்ன செயின்வீல்ல எத்தனை பல்லு, பின்னாடி பெரிய பல்சக்கரத்துல எத்தனை பல்லு. பின்னாடி நம்பர் முன்னாடி நம்பரை விட ஜாஸ்தியா இருந்தா மட்டும் பணம் கட்டுங்க.